யுமிகோ காவல் காக்கும் கதவு

ஜெபமாலையில் இரண்டாம் பத்து முடியுமுன் யுமிகோ எழும்பிவிடுவாள். வாசற்கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், திரைச்சீலையை விலக்கித் தெருவைப் பார்ப்பாள், பிறகு வந்து முழந்தாளிடுவாள். கோயிலிலும் இருப்பது கடைசி வாங்கில்தான். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும்.

"எங்கட வீட்டுக்குப் பொலிஸ் தேவையில்லை, யுமி ஒராளே காணும்" என்று புருஷன் சவிரிமுத்து பகிடி பண்ணுவான். அவளும் சிரிப்பாள். கண் மட்டும் கதவிலேயே இருக்கும்.

நாகசாகிப் பக்கத்துத் தீவுக்காரி. சவிரிமுத்துவைக் கட்டி, இந்த ஹரோ நகரத்து வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். மன்னார்த் தமிழை மாமியிடமே பழகினாள். மீன்குழம்புக்குப் புளி விடுவதில் சவிரிமுத்துவின் அக்கா, மச்சாள் பியற்றிஸுக்கே அவள்மேல் பொறாமை. ஆனால் தபால்காரன் மணியடித்தாலும் முதலில் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பாள்.

ஏனென்று தை மாதம்தான் பியற்றிஸுக்குத் தெரிந்தது. யுமிகோவின் தாய் செத்தபின் அந்தத் தீவிலிருந்து அவளுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே புத்த கோயிலில் இருப்பதுபோல ஒரு பெண் சிலை, மடியில் குழந்தை. கூடவே மடித்த ஒரு பழந்தாள்.

"மாதா, மச்சாள். முந்தி எங்கட ஆக்களை வேதத்துக்காக அரசாங்கம் கொலை செய்தது. அதுதான் மாதாவை இப்பிடி புத்த சிலைபோல ஒளிச்சு வைச்சவை. பயம் போயும் வழக்கம் போகேல்லை. உள்ளுக்கை செபம் சொல்லேக்கை வாசலில ஒராள் காவல் நிக்கோணும்."

"ஆர் நிண்டது?"

"சின்னனில நான்தான். அதால செபத்தை ஒருநாளும் கேக்கேல்லை."

அந்தத் தாளில் இருப்பது அதே செபம். வீட்டில் பிள்ளை பிறக்குமுன் சொல்ல வேண்டியது. யுமிகோவின் மகள் றூபினிக்கு இது ஒன்பதாம் மாதம். சொல்ல வேறு ஆளில்லை.

"அப்ப சொல்லன் பிள்ளை" என்றாள் பியற்றிஸ்.

"காவல் இல்லாமல் சொல்லேலாது. வெளியாள் காதில விழுந்தா வீட்டில ஒரு உசிர் போகும் எண்டவ அம்மா." யுமிகோ வயிற்றைப் பொத்திக்கொண்டாள், தான்தான் பிள்ளைத்தாய்ச்சி என்பதுபோல.

நான் வெளியாளோ என்று பியற்றிஸின் நாக்கு நுனி வரை வந்தது. ஓம் என்றால் என்ன செய்வது?

பியற்றிஸ் வீட்டுச் செருப்போடு வெளியே போய்க் கதவைச் சாத்தி, காவல் நின்றாள். மழை தூறியது. தெருவில் ஒரு நாயுமில்லை. பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ மூச்சுவிடுவதுபோல ஒரு முணுமுணுப்புத் தொடங்கியது. பியற்றிஸ் கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல், இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.