திரைக்குப் பின்னிருந்து இருபது வார்த்தைகள்

சத்தம் கூட்ட வந்த ஆள் சத்தத்தைக் குறைத்தால் சந்தேகம் வராதா? எங்கள் ஆரணி ஆலயத்துக்குப் புது ஒலிபெருக்கி வைக்க வேலூரிலிருந்து வந்தவர் அதைத்தான் செய்தார். நாற்பதை நெருங்கிய வயது, மெல்லிய பேச்சு. முதல் நாள் பையிலிருந்து ஒரு பலூனை எடுத்து ஊதி, பீடத்துக்கு முன்னால் நின்று குத்தி உடைத்தார். அந்தச் சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் அளந்தார். சபைச் செயலாளர் என்ற முறையில் கூட நின்ற நான், யார் பிறந்தநாளுக்கு வந்திருக்கிறார் இவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலயம் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். உயரமான கூரை, கல் தரை, சுண்ணாம்புச் சுவர். ஒரு வார்த்தை சொன்னால் அது நாலு சுவரிலும் மோதிவிட்டு அடுத்த வார்த்தையின் தலையில் வந்து விழும். பின்வரிசைக்காரர்களுக்குப் பிரசங்கம் முழுக்க ஒரே இரைச்சல். முன்னால் இருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை எவ்வளவு திருகினாலும் இரைச்சல்தான் கூடியது. இதெல்லாம் மற்றவர்கள் சொல்லி நான் அறிந்தது. நான் உட்காருவது பிரசங்க மேடைக்கு நேர் எதிரே, இரண்டாவது பெஞ்சில். எனக்கு ஒரு நாளும் குறை தெரிந்ததில்லை.

அந்த ஆள் பெரிய ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, தூணுக்குத் தூண் அடிஸ்கேல் போல ஒல்லியாக ஒன்றை மாட்டினார்.

"சத்தம் பெருசா இருந்தா செவுரு திருப்பி அடிக்கும் சார். சின்னதா, ஆளுக்குப் பக்கத்துல குடுத்தா வார்த்தை பிரிஞ்சி கேக்கும்" என்றார். எங்கள் ஆயரிடம், மைக்கை வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்தே பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மைக்கின் தலையில் பெரிய கறுப்பு ஸ்பாஞ்சு உருண்டை வேறு.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எல்லாரும் அந்த ஆளைச் சுற்றி நிற்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் பிரசங்கம் புரிந்தது என்று பின்வரிசைப் பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ பாதிக்கு மேல் புரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஜெபிப்பது போல முணுமுணுவென்று இருந்தது. ஊருக்கெல்லாம் நன்றாக இருப்பது எனக்கு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? எலி அம்மணமாக ஓடினால் காரணம் இருக்கும். அவர் எங்கள் பொருளாளரின் மருமகனுக்குப் பள்ளித் தோழர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாரும் சேர்ந்து எனக்குக் காது குத்துகிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

அந்த வாரம் வந்தவாசியிலிருந்து ஒரு சபைச் செயலாளர் போன் செய்தார். எங்கள் வீட்டில் போனை எடுப்பது என் மனைவிதான். அவர்கள் ஆலயத்திலும் இதே எதிரொலித் தொல்லையாம். இவருக்கு வேலையைக் கொடுக்கலாமா, நான் சொல்லும் ஒரு சொல் போதுமாம். சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அந்த ஆளின் அடுத்த வேலை என் நாக்கு நுனியில் இருந்தது. அது தெரிந்தும் அவர் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

சோதனைக்கு யோசனை சொன்னவர் அவர். ஆயர் மைக்கில் இருபது வார்த்தைகள் படிப்பார், கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து கேட்டதை எழுத வேண்டும். நிபந்தனைகள் என்னுடையவை. வார்த்தைகளை அவர் கொடுத்தால் முன்கூட்டியே கசியவிடுவார். என் மனைவி எழுதி உறையில் போட்டு ஒட்டித் தருவாள். இரண்டாவது நிபந்தனையை நினைத்துத்தான் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் கமிட்டியில் பாதிப்பேர் பவர்லூம் ஷெட்டில் வேலை செய்தவர்கள். நானும் அங்கே முப்பது வருஷம். தறிகள் ஓடும்போது யாரும் காதால் கேட்பதில்லை. டீ வேண்டுமா, நூல் அறுந்ததா, மேஸ்திரி வருகிறாரா, எல்லாம் எதிராளியின் வாயைப் பார்த்துத்தான். இவர்கள் ஆயரின் வாயைப் பார்த்து எழுதிவிட்டு ஸ்பீக்கரில் கேட்டது என்று சாதிப்பார்கள். அதனால் ஆயர் அங்கி மாற்றும் அறையில், திரைக்குப் பின்னால் நின்று படிக்க வேண்டும் என்றேன்.

"ரொம்ப சரி சார். அப்படித்தான் செய்யணும்" என்றார் உடனே. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே என்று அதற்கும் யோசித்தேன்.

சனிக்கிழமை காலை, நாலு பேர் நாலு பக்கம் உட்கார்ந்தார்கள். நான் என் பெஞ்சில். திரைக்குப் பின்னாலிருந்து ஆயரின் குரல் வந்தது. குரல்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. "பா" என்று ஏதோ தொடங்கியது. தறியில் ஏற்றும் நூலை நினைத்துப் பாவு என்று எழுதினேன். அடுத்தது "றி" என்று முடிந்த மாதிரி இருந்தது; தறி என்று எழுதினேன். பிறகு எழுதியதெல்லாம் குருட்டு ஊகம்தான். திரும்பிப் பார்த்தால் பின்வரிசைப் பெரியவர் பேனாவை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் என் தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

தாள்களைச் சரிபார்த்தவர் அந்த ஆள். என் மனைவியின் பட்டியலுக்குப் பக்கத்தில் என் தாளை வைத்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். பாவத்துக்குப் பாவு. கறிக்குத் தறி. கட்டுக்குப் பட்டு. மற்ற நாலு பேருக்கும் ஒன்றிரண்டுதான் தப்பு. எனக்கு ஒன்றிரண்டுதான் சரி.

அவர் என் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "செயலாளர் சார் பெஞ்சுல மட்டும் வார்த்தை சரியா விழல. அங்க ஸ்பீக்கரைக் கோணலா மாட்டிட்டேன். என் தப்புதான், திருத்திடறேன்" என்றார். சொன்னது மற்றவர்களுக்கு, ஆனால் முகத்தை என் பக்கம் வைத்து, வாயை நிதானமாக அசைத்துச் சொன்னார். எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

எதற்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார், என்ன லாபம் என்று வழக்கம்போலத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயரின் வாயை மறைத்த அந்த ஸ்பாஞ்சு உருண்டைதான் கண்ணில் பட்டது. இத்தனை ஞாயிறும் நான் பிரசங்கத்தைக் கேட்டதே இல்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "உனக்கு எப்பத்துலருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். "நாலஞ்சி வருஷமா தெரியுங்க. சொன்னா, என்னைச் செவிடன்னு சொல்லிகினு திரியிறியான்னு சண்டைக்கு வருவீங்க. அதான் நீங்களே தெரிஞ்சிக்கணும்னு ஒரே மாதிரி கேக்கற வார்த்தையா பொறுக்கிப் போட்டேன்."

ஊரையே சந்தேகப்பட்ட நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள் இவள்தான். சதி செய்ததும் இவள்தான். கோபம் வரவில்லை. வந்தவாசிக்குப் போன் போடச் சொன்னேன்.

ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தாள். அந்தச் செயலாளர் ஏதோ நீளமாகக் கேட்டார். அவள் எதிரே நின்று சத்தமில்லாமல் வாயசைத்தாள். வேலையில் குறை ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

"உண்டுங்க" என்றேன். "வேலையில இல்ல, என் காதுல. நீங்க அவருக்கே குடுங்க."