பேனா காத்திருந்தது

காலையில் எப்சி போன் செய்து, காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று ஜாய்சனிடம் சொன்னாள். ஜாய்சன் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அவன் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதுகிறவள் அவள்தான். எம்.ஏ. வரலாற்றில் பாக்கியிருந்த ஒரே அரியருக்கு இன்று கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் பட்டம் இல்லை. பல்லாவரம் பள்ளியில் தருவதாகச் சொன்ன வேலையும் இல்லை.

இரும்புலியூர் அறையிலிருந்து ஆட்டோ பிடித்துத் தாம்பரத்துக்கு வந்து, கல்லூரி வாசலில் காலடிச் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் கெஞ்சினான். எல்லோருக்கும் சொந்தப் பரீட்சை. "ஆல் தி பெஸ்ட்ணா" என்று மட்டும் வாரி வழங்கினார்கள். வாழ்த்துக்கு என்ன, காசா பணமா!

டீக்கடை கிபாயத்துல்லா பாய்தான் இரக்கப்பட்டார். "நம்ம பொண்ணு ஷபீனா ப்ளஸ் டூ முட்ச்சிட்டு வூட்ல சும்மாதான் கீது தம்பி. இட்டுகினு போ."

"வேகமா எழுதுவியாம்மா?" என்று வந்தவளிடம் கேட்டான் ஜாய்சன்.

"சூப்பரா எழுதுவேண்ணா."

தேர்வு அதிகாரி முணுமுணுத்தபடி அனுமதித்தார். தனி அறை. மாதக்கணக்கில் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த, பிரிட்டிஷார் விவசாயிகளிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையை ஜாய்சன் மடமடவென்று கொட்டினான். நான்கு வாக்கியம் போன பிறகுதான் உறைத்தது. பேனாச் சத்தமே இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"தமிழ்லயாண்ணா எழுதணும்?" அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. "நான் பெங்களூர்ல மாமா வீட்ல இருந்து படிச்சேன். தமிழ் பேசத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல மாத்தி எழுதிடறேன்."

"அதெல்லாம் கூடாது," என்றார் கண்காணிப்பாளர். "இங்கிலீஷ்ல எழுதலாம். ஆனா அவர் சொல்றதைத்தான் நீ எழுதணும்."

வேகமாக எழுதுவாளா என்று கேட்டவனுக்கு, எந்த மொழியில் என்று கேட்கத் தோன்றவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆங்கிலம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்துதான் தமிழ் வழியில் சேர்ந்தான். இப்போது வேறு வழியில்லை.

"பிரிட்டிஷ்... ஃபார்மர்... டேக்ஸ் டேக்," என்றான். வெட்கத்தில் காது எரிந்தது.

பேனா சரசரவென்று ஓடி, கண்மூடித் திறப்பதற்குள் நின்றது. சொன்னாளே, சூப்பராகத்தான் எழுதினாள். அத்தனை விடையும் தெரிந்த ஜாய்சன் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"அடுத்ததுண்ணா?" என்றாள் ஷபீனா, மெதுவாக.