குரோம்பேட்டை என்றதும் கையைப் பிடித்தேன்

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மருத்துவமனையிலிருந்து மின்சார ரயிலில் திரும்பும்போது, கிண்டி தாண்டியதும், எங்கே இறங்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. யாரையும் கேட்க வெட்கம். கண் கலங்கியது.

எதிரே காலி மீன் கூடையோடு இருந்த பெண், "இன்னாக்கா, எங்க எறங்கணும்?" என்றாள்.

"தெரியலம்மா."

"பேஜாராவாதக்கா. வரிசையா ஸ்டேஷன் பேரு சொல்றேன். உன் ஊரு வந்தா என் கைய புடி."

பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று சொல்லிக்கொண்டே போனாள். "குரோம்பேட்டை" என்றதும் என் கை அவள் கையைப் பிடித்திருந்தது.

சிகிச்சைக்குப் பின் சிலருக்கு இப்படி ஆகுமாம். மூளைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார் மருத்துவர். இப்போது பையில் முகவரிச் சீட்டு வைத்திருக்கிறேன். தினமும் காய் நறுக்கும்போது அந்தப் பெயர்களை முன்னும் பின்னுமாகச் சொல்கிறேன். மீனம்பாக்கம் சில நாள் விட்டுப்போகிறது. குரோம்பேட்டை இதுவரை விட்டுப்போனதில்லை.