நுமாஜிரி தூக்கிவிட்ட பானெட்

நுமாஜிரி இசாமுவின் தாய் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில், அந்த அம்மாளைக் குளிப்பாட்ட நான் அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று நான் சொன்னால் மகன் நம்பமாட்டார். வெப்பமானியைத் தாயின் அக்குளில் வைத்துவிட்டு, எண் தெரியும்வரை கட்டிலருகே குந்தியிருப்பார். அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கும் அந்த வீட்டுக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. இசாமு ஓட்டும் கார் பந்தயத் திடலில் முதலுதவிக் கூடாரத்தில் உட்கார ஆள் இல்லையென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு முன்னால் பட்டறை. டர்போ வண்டிகள் மட்டும்தான் வரும். டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். அழுத்திய காற்று கொதிக்கும். வண்டியின் மூக்கில் இருக்கும் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்க வேண்டும். குளிர்விக்காவிட்டால் பிஸ்டன் உருகும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் இசாமு இருபது வருடமாக அதிலேயே கிடந்தார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு சின்ன வேலை. எஞ்சினை மூடும் பானெட்டின் பின்பக்கக் கீலுக்கடியில் வாஷர்களை அடுக்கி, முன்கண்ணாடிப் பக்கம் இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கிவிட்டார். சூடு அந்த இடுக்கு வழியே வெளியேறும் என்றார். நின்ற வண்டியில் கையை வைத்துப் பார்த்தால் அனல் அடித்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அப்படியே செய்தார்கள். எங்கள் தொச்சிகி மலைப் பக்கத்தில் பானெட் தூக்காத டர்போ வண்டியைப் பார்ப்பது அரிது.

பிறகு அகுத்சு என்ற பையனின் எஞ்சின் உருகியது. கியர் மாற்றத் தெரியாதவன் என்று இசாமு சொன்னார். ஊரும் அதையே சொல்லிச் சிரித்தது. மறு கோடையில் இசாமுவின் சொந்த எஞ்சினும் போனது. புதிதாக ஒன்று பூட்டிய அன்று மனைவி யாசுஎயிடம், "இதுவும் போச்சுன்னா ஷட்டரை இறக்கிடுறேன். உங்கண்ணன் டோஃபு ஆலையில வேலைக்குப் போறேன்," என்றார். யாசுஎ தலையாட்டினாள். அவர் சொன்னால் செய்பவர் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் பந்தயத் திடல் நாள். தார் கொதித்தது. ஏற்கெனவே இரண்டு பேரை நிழலில் படுக்கவைத்து ஐஸ் கொடுத்திருந்தேன். இசாமு முதல் ஓட்டத்துக்குப் போய்விட்டு, பாதியிலேயே திரும்பினார். இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்றாள் யாசுஎ.

"எஞ்சின்ல டிக் டிக்னு சத்தம் வந்துச்சு. இன்னும் ஒரு சுத்து போயிருந்தா அவ்வளவுதான்."

பானெட்டில் சாயப் போன அகுத்சு சூடு தாங்காமல் குதித்து விலகினான். "கியரைத் தப்பாப் போட்டிருப்பீங்கண்ணே."

இசாமு அவனைப் பார்க்கவில்லை. "மெதுவாப் போறப்ப சூடு இறங்குது. நேர்ரோட்டுல மிதிச்சா ஏறுது. காத்து கூட வர்றப்போ இறங்கத்தானே வேணும்?"

"அன்னைக்கு நானும் இதைத்தானே சொன்னேன். நீங்க எனக்குக் கியர் மாத்தத் தெரியலன்னு சொன்னீங்க."

நான் ஈரத் துண்டை அவர் கழுத்தில் போட்டேன். அவர் என் பையைப் பார்த்தார். முழங்கால் உறை பின்னுவதற்காக வைத்திருந்த சிவப்புக் கம்பளி நூல் வெளியே தெரிந்தது.

"ஒயாமா சான், அதுல கொஞ்சம் கொடுங்க," என்று என்னிடம் கேட்டார்.

விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, பானெட் முழுக்க வரிசையாக டேப்பால் ஒட்டினார். காற்று போகும் திசையை நூல் காட்டும் என்று, பின்விளிம்பில் இன்னும் நெருக்கமாக ஒட்டினார். பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் வந்து நின்றார்கள். "வண்டிக்கு ஸ்வெட்டரா அண்ணே?" என்று ஒருவன் கேட்டான்.

ஒரே சுற்று. நேர்ரோட்டில் மட்டும் வேகம் எடுத்தார். திரும்பி வந்தபோது பின்விளிம்பில் இருந்த நூல்களின் நுனி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் இடுக்குக்குள் நுழைந்து கிடந்தன.

"உள்ள போகுது," என்றார். "ஓடுறப்ப கண்ணாடியில மோதுற காத்து அந்த வழியா உள்ள போகுது. மூக்கு வழியா வர்ற காத்துக்கு வெளிய போக வழியே இல்ல. நின்ன வண்டியிலதான் நான் கை வச்சுப் பார்த்தேன்."

மாலை ஓட்டம் ஒன்று மிச்சமிருந்தது. ஓடாமலே வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், எஞ்சின் பிழைத்திருக்கும். யாசுஎ அதைத்தான் சொன்னாள்.

"காரணம் சரியான்னு தெரியாம எஞ்சினை வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றார் அவர். கையுறை போட்டு வாஷர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வண்டிகளிலும் அதே வாஷர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பானெட் தட்டையாக மூடியது. சூடு இறங்கட்டும் என்று முன்பு கழற்றிப் போட்டிருந்த எஞ்சின் அடித்தகட்டை அகுத்சு லாரியிலிருந்து எடுத்துவந்து கேட்காமலே பூட்டினான். இன்டர்கூலரைச் சுற்றி விரல் நுழையும் சந்துகள் இருந்தன. காற்று இன்டர்கூலர் வழியாகப் போகாமல் சந்து வழியாக ஓடிவிடும் என்று இசாமு ஸ்பாஞ்சு தேடினார். படுக்கைப்புண் வராமலிருக்க வைக்கும் மெத்தை ஒன்று என்னிடம் இருந்தது, அதில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கொடுத்தேன். கத்தரித்துத் திணித்தார்.

மாலை ஓட்டம் தொடங்கியது. யாசுஎ சுவரோரம் சுற்று எண் காட்டும் பலகையைப் பிடித்து நின்றாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி தடதடவென்று அடித்தது. ஒரு சுற்று. இரண்டு. மூன்றாம் சுற்றில் மற்ற வண்டிகள் கடந்துபோயின, இசாமு வரவில்லை. திருப்பத்துக்கு அப்பால் புகை மாதிரி ஏதோ எழும்பியது.

"போச்சு," என்றாள் யாசுஎ. பலகையைத் தரையில் வைத்துவிட்டாள்.

புழுதிதான். முன்னால் போனவன் மண்ணில் இறங்கியிருக்கிறான். அவனுக்கு வழிவிட்டு இசாமு பின்தங்கியிருக்கிறார். சத்தம் முதலில் வந்தது, சுத்தமாக, டிக் டிக் இல்லாமல். நேர்ரோட்டில் முழுக்க மிதித்துக்கொண்டு எங்களைக் கடந்தார். இன்னும் இரண்டு சுற்று ஓடிவிட்டு உள்ளே வந்தார்.

"எவ்வளவு?" என்று அகுத்சு ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

"காலையிலவிட இருபது டிகிரி கம்மி."

இசாமு இறங்கி, தொப்பியைக் கழற்றி, அகுத்சுவுக்கு முன்னால் தாரில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார். "உன் எஞ்சினைக் கெடுத்தது நான்தான். உன் பேரையும் கெடுத்தேன். மன்னிச்சிடு."

அகுத்சுவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "எந்திரிங்கண்ணே. மூக்கு வெந்துரும். பாட்டி, இவரைத் தூக்குங்களேன்."

தூக்கினேன். முழங்கால் இரண்டும் கன்றியிருந்தன, களிம்பு தடவினேன். யாசுஎ அவர் கை எண்ணெய்க் கறுப்பாக இருந்ததால் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டையைத் தானே அவர் வாயில் திணித்தாள். "திங்கக்கிழமை ஆலைக்கு வரமாட்டார்னு அண்ணன்கிட்ட சொல்லிடுறேன்," என்றாள்.

அவர் மென்றுகொண்டே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு வண்டியாக நின்று, குனிந்து, காரணம் சொல்லி, தாமே வாஷர்களைக் கழற்றிக் கொடுத்தார். கடைசியில் நின்ற மஞ்சள் வண்டிக்காரன் மட்டும் பானெட்டின்மேல் கையை விரித்துக்கொண்டான்.

"எனக்கு இருக்கட்டும்ணே. பார்க்க நல்லா இருக்கு."

"எஞ்சின் போயிரும்டா."

"நான் சந்தைக்குத்தான் ஓட்டுறேன்."

இசாமு ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். "சரி," என்றார். "யாராவது கேட்டா என் பேரைச் சொல்லாத."