கழுத்தில் சிவப்பு ஏறாத சேவல்

உத்தமனை நான் முதலில் பார்த்தது ஒரு சேவல் வாங்கப் போன இடத்தில். கையில் பணத்தோடு போன எனக்கு அவர் சேவலை விற்க மாட்டேன் என்றார்.

2022, வைகாசி மாதம். விலங்கியலில் பட்டம் முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திருநின்றவூரில் வாடகை குறைவு என்பதால் அங்கே ஓர் அறை எடுத்து, தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. என் அம்மாவுக்கோ சுத்தமாகக் கிடையாது. மகன் பட்டம் வாங்கி மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டால் குலதெய்வத்துக்குக் கருஞ்சேவல் கொடுப்பதாக அவர் நேர்ந்திருந்தார். எங்கள் சாமிக்குச் சேவல் உச்சியிலிருந்து வால் நுனி வரை கறுப்பாக இருக்க வேண்டும். வேற்று நிறத்தில் ஓர் இறகு இருந்தாலும் பூசாரி திருப்பி அனுப்பிவிடுவார். கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் அப்படி ஒரு சேவல் கிடைக்கவில்லை. மெட்ராஸில் கிடைக்காததா என்று அம்மா போனில் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

ஸ்டேஷன் டீக்கடைக்காரர்தான் உத்தமன் வீட்டைக் காட்டினார். ஏரிக்குப் போகும் வழியில் சிமென்ட் ஷீட் போட்ட வீடு. பின்பக்கம் கம்பி வலை அடித்த கொட்டகை. உத்தமனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். கோழி வளர்ப்பது காலையிலும் சாயங்காலத்திலும்தான். கொட்டகைக்குள் நின்ற ஒரு சேவலைப் பார்த்ததும் எனக்கு வந்த காரியம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. அவ்வளவு கறுப்பு. வெயில் பட்டால் வாலில் பச்சை மின்னியது.

அதைக் கேட்டேன். உத்தமன் சேவலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து இறகுகளைக் கட்டைவிரலால் எதிர்ப்பக்கமாகத் தள்ளினார். உள்ளே இரண்டு மூன்று இறகின் ஓரத்தில் செம்பு நூல் போல ஒரு சிவப்பு.

"பாத்தியா நைனா? இது கறுப்பு கெடையாது. இன்னும் ரெண்டு மாசத்துல கழுத்து பூரா செவந்துடும். நீ வேற ஆளப் பாரு."

பரவாயில்லை, இன்றைக்கே ஊருக்கு எடுத்துப் போய்விடுகிறேன், அதுவரை யார் கண்ணிலும் படாது என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சேவலைக் கீழே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவி கார்த்திகாதான், தண்ணீர் கொடுத்து, போன வருடம் நடந்ததைச் சொன்னார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்காக வந்தவர்கள். ஊரை விட்டு வந்தாலும் குலதெய்வத்தை விட்டு வந்துவிட முடியாதே. ஒரு குடும்பத்துச் சாமிக்குச் செவலைச் சேவல், இன்னொரு குடும்பத்துக்கு வெள்ளை, பெரும்பாலும் கறுப்பு. ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது நிறம் சுத்தமான சேவல் வேண்டும் என்று அவர்கள் தேடுவதைப் பார்த்துத்தான் உத்தமன் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார். நான்கைந்து வருடத்தில் நல்ல பெயர். அதில் முதல் வாடிக்கையாளர் லோகநாதன் என்கிற மெஷினிஸ்ட். சாத்தூர்ப் பக்கத்து ஆள். மாசி சிவராத்திரிக்கு அவருடைய பங்காளிகள் இருநூறு பேர் கூடுவார்கள். சாமிக்குச் சேவல் கொடுப்பது வருடத்துக்கு ஒரு வீட்டின் முறை. 2021-இல் முறை லோகநாதனுடையது.

அவருக்கென்று ஒதுக்கி வைத்த சேவலின் கழுத்தில், புறப்படுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது நான்கு சிவப்பு இறகு முளைத்தது. உத்தமன் பிடுங்கினார். அந்த இடத்தைச் சுற்றி இன்னும் ஆறு வந்தது. வேறு சேவல் இல்லை. அன்றைக்குத் தன் தலைக்கு டை கலக்கி அடித்துவிட்டு, கிண்ணத்தில் மிச்சம் இருந்ததைக் கையில் எடுத்திருக்கிறார்.

சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. இந்தச் சேவலும் நன்றாகவே உதறியிருக்கிறது. அதைப் பிடித்திருந்த லோகநாதனின் வெள்ளை வேட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளி. மெட்ராஸில் சேவலுக்கும் நரை விழுகிறது போல என்று ஒரு பங்காளி சொல்ல, கோயிலே சிரித்திருக்கிறது. முறை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

உத்தமன் பணத்தை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போய் நின்றார். லோகநாதன் பணத்தைத் தொடவில்லை.

"காசு கெடக்கட்டும்யா. எங்க சாமி முன்னாடி என்னைப் பொய்யனா நிக்க வச்சுட்டியே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவரும் வரவில்லை. உத்தமன் மூன்று முறை கேட் வரை போய்த் திரும்பியிருக்கிறார். நிஜமாகவே சிவப்பு ஏறாத ஒரு சேவலை வளர்த்து எடுத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஒரே வைராக்கியம்.

நான் வேறு ஆளைத் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே போக ஆரம்பித்தேன். படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து, நோட்டில் கட்டம் போட்டு, நிறம் எப்படி இறங்குகிறது என்று உத்தமனுக்கு விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்போ நல்ல சேவலா மாத்தணும், அதானே?" என்றார். ஆமாம் என்றேன். சேவல்தான் வித்து, நிறம் சேவலோடது, பெட்டை வெறும் பாத்திரம் என்பது கோழி வளர்க்கிறவர்கள் பலரும் சொல்வது. தாயிடமிருந்து பாதி வருகிறது என்று பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை.

இருவருமாகப் பெரியபாளையம் பக்கம் ஒரு தோப்பில் அலைந்து புதுச் சேவல் வாங்கி வந்தோம். இரண்டு வயது முடிந்தும் கழுத்தில் ஒரு பொட்டு சிவப்பு இல்லாதது. ஆவணிக்குள் குஞ்சுகள் பொரித்து ஓடின. நிலக்கரித் துண்டுகள் மாதிரி கறுப்பு. சேவற்குஞ்சுக்கு ஐந்து மாதம் ஆகும்போதுதான் கழுத்தில் நீள இறகு வரும். அதுவரை எதையும் சொல்ல முடியாது. உத்தமன் பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் ஒவ்வொன்றின் கழுத்தையும் பிரித்துப் பார்ப்பார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் கொட்டகைக்கு வெளியே குந்தியிருந்தார். ஒன்பது சேவலில் ஐந்துக்குக் கழுத்து சிவந்துவிட்டது. கம்பி வலையைப் பிரித்து விற்றுவிடப் போவதாகச் சொன்னார். நான் மறுபடியும் சேவலைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். முட்டைக் கூடையோடு வந்த கார்த்திகா நின்றார்.

"சேவல மாத்தினே. கொட்டாய மாத்தினே. தீனியக் கூட மாத்திப் பாத்தே. அந்த ராணிய மட்டும் தொடவே இல்லியேய்யா."

ராணி என்பது அந்தக் கொட்டகையிலேயே பெரிய பெட்டை. உத்தமனின் செல்லம். மற்ற இரண்டு பெட்டைகளைவிடக் கறுப்பு, மற்ற இரண்டையும்விட அதிகம் முட்டையிடும்.

"அது ஒடம்புல ஒரு செவப்பு காட்டு பாப்போம்" என்றார் உத்தமன்.

"அது ஒடம்புல இல்ல. அது பெத்ததுங்க ஒடம்புல கீது. தெனம் முட்ட எடுக்கறவ நானு. ராணி முட்ட நீட்டமா, ஒரு முனை சொரசொரன்னு இருக்கும். போன வருசமும் அத்தோட முட்ட நெறய வச்ச அடையிலதான் செவந்துது. சொன்னா, பொம்பள பேச்சுன்னு சிரிச்சே."

உத்தமன் என்னைப் பார்த்தார். என் மடியில் கட்டம் போட்ட நோட்டு விரிந்து கிடந்தது. தாய்க் கட்டத்தில் நான் எழுதி வைத்திருந்தது வெறும் 'கறுப்பு' என்ற ஒரே சொல். அக்கா சொல்வதுதான் சரி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். கார்த்திகா அதற்கும் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, இதில் முட்டை எங்கே என்று கேட்டார்.

அதன் பிறகு வேலை அவர் கைக்குப் போனது. மூன்று பெட்டை முட்டைகளும் ஒரே கூடையில் விழுந்து, எது அடைக்கு உட்கார்ந்ததோ அதன் கீழ் போய்க்கொண்டிருந்த வழக்கம் அன்றோடு நின்றது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் குறி. உத்தமனுக்கு அது பிடிபட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டறையில் செய்த உருப்படிகளை அடுக்கிய ஒவ்வொரு தட்டிலும் எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று சீட்டு கட்டித் தொங்கவிடுவார்கள். தப்பு வந்தால் எந்த மெஷினில் என்று அப்போதுதான் தெரியும். வீட்டில் மட்டும் சீட்டு இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அவரே சொன்னார்.

குஞ்சுகளுக்குச் சீட்டு கட்ட முடியாதே. கார்த்திகா தன் நெயில் பாலிஷை எடுத்துவந்தார். ராணியின் குஞ்சுகளுக்கு ரோஸ், மொட்டை வாலி என்கிற பெட்டையின் குஞ்சுகளுக்குச் சிவப்பு, சின்னப் பெட்டையின் குஞ்சுகளுக்கு ஊதா. மண்ணைக் கிளறிக் கிளறி நகத்திலிருந்து போய்விடும் என்பதால் வாரா வாரம் புதிதாகப் பூச வேண்டும். குஞ்சுகளைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. தெருவில் போகிறவர்கள் வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, கோழிக்குக் கல்யாணமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பூசி முடித்த குஞ்சை நகம் காயும்வரை கீழே விடக் கூடாது என்று உத்தமன் அதட்டுவார். அதட்டிவிட்டுத் தானே சிரிப்பார்.

2023 ஆடியில் விடை தெரிந்தது. ராணியின் ஆறு மகன்களில் ஐந்துக்குக் கழுத்து சிவந்தது. மொட்டை வாலியின் நான்கு மகன்களும் சுத்தக் கறுப்பு. சின்னப் பெட்டையின் மூன்றில் ஒன்று மட்டும் சிவந்தது. உத்தமன் அதை இரண்டு மூன்று முறை எண்ணினார். பிறகு ராணியைத் தூக்கி, முன்பக்க வராந்தாவில் தனிக் கூண்டில் விட்டார். இனி அதன் முட்டை வீட்டு அடுப்புக்கு மட்டும். மறுநாள் காலையில் மொட்டை வாலியின் முட்டைகளை அடைக்கு வைத்தார்கள். அந்த முறை ஏழு சேவல் கிடைத்தது.

அடுத்த மாசி சிவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது உத்தமன் ஆவடிக்குப் போனார். இந்த முறை கேட்டைத் தாண்டினார். அந்த வருடம் மறுபடியும் முறை எடுக்க லோகநாதன் பங்காளிகளிடம் கேட்டிருப்பதாக அங்கே ஒருவர் சொன்னாராம். லோகநாதன் வாசலில் நிற்க வைத்தே பேசியிருக்கிறார். வந்து பார்க்கிறேன், வாங்குவதாகச் சொல்லவில்லை என்பதே பதில்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கார்த்திகா கொண்டுவந்த காபியும் வேண்டாம் என்றார். உத்தமன் கொட்டகைக்குள் போய், நான் எதிர்பார்த்ததுபோல் சுத்தமான ஆறு சேவலை மட்டும் கொண்டுவரவில்லை. ஏழாவதையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதை முதலில் லோகநாதனின் கையில் கொடுத்துக் கழுத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரே ஓர் இறகில் செம்பு நூல். பிரித்துக் காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது. கார்த்திகா பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, ஏழு பேரும் ஒரே தாய் புள்ளிங்கோ. ஒண்ணுத்துக்கு இப்டி வந்துட்ச்சு. மிச்சம் ஆறுத்துக்கு இன்னிக்கி வரைக்கும் இல்ல. சிவராத்திரி வரைக்கும் இங்கியே கெடக்கட்டும். கெளம்பற அன்னிக்கி நீயே பிரிச்சிப் பாரு. ஒரு நூல் தெரிஞ்சாலும் நானே வேணாம்னுடுவேன்."

லோகநாதன் அந்த ஒற்றை இறகை ரொம்ப நேரம் விரலில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆறு சேவலையும் ஒவ்வொன்றாகக் கழுத்து, இறக்கையின் அடிப்பக்கம், தொடை என்று பார்த்தார்.

"இந்த ஏழாவதை எதுக்குய்யா காட்டுன?"

"காட்டலன்னா பழைய உத்தமனாத்தானே நிப்பேன்."

லோகநாதன் வராந்தாத் திண்டின் மேல் உட்கார்ந்தார். காபி ஆறியிருக்குமா என்று கார்த்திகாவிடம் கேட்டார்.

புறப்படும் நாள் வந்து, மூன்றாவது சேவலைத் தேர்ந்தெடுத்து எடுத்துப் போனார். சிவராத்திரிக்கு மறுநாள் காலை உத்தமனும் நானும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. இரைச்சலில் உத்தமன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "தண்ணி தெளிவா ஓடுச்சு, உத்தமா" என்று லோகநாதன் சொன்னாராம்.  பட்டரவாக்கம் வரும்வரை உத்தமன் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தச் சித்திரையில் நான் ஊருக்கு ஒரு சேவல் எடுத்துப் போனேன். பூசாரி புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்த ஊர்ச் சேவல் என்று கேட்டார். அம்மா எனக்கு முந்திக்கொண்டு, பட்டம் வாங்கின பிள்ளை மெட்ராஸிலிருந்து கொண்டு வந்தது என்றார். வளர்த்தவர்கள் உத்தமனும் கார்த்திகாவும் என்று நான் திருத்தினேன்.

உத்தமன் இப்போதும் பாடியில் லேத் ஓட்டுகிறார். கொட்டகையில் பதினொரு பெட்டையும் இரண்டு சேவலும் இருக்கின்றன. எல்லாம் மொட்டை வாலியின் வழி. முட்டை நோட்டு கார்த்திகாவிடம் இருக்கிறது, இது மூன்றாவது நோட்டு. வருகிற மாசிக்குக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒன்பது குடும்பங்கள் கறுப்புச் சேவல் சொல்லி வைத்திருக்கின்றன. ஒரு குடும்பம் வெள்ளை கேட்டிருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.