சாமித்தட்டுக்குப் பின்னால் இருந்த சுவர்

இந்த நாட்டில் வீட்டுச் சுவரில் படியும் பூஞ்சணத்தைத் துடைப்பதற்கென்று அரசாங்கம் தரும் லைசென்ஸ் எதுவும் கிடையாது. காப்புறுதிப் பத்திரம்தான் லைசென்ஸ். அது இல்லாவிட்டால் எந்த வீட்டு வாடகை ஏஜென்சியும் கதவுத் திறப்பைக் கையில் தராது. அதிலும் இரண்டு வகை வேண்டும்: செய்து கெடுத்தால் ஒன்று, சொல்லிக் கெடுத்தால் மற்றது. ஏணி சரிந்து யாருடைய மண்டையாவது உடைந்தால் முதலாவது பத்திரம். சுவரைப் பார்த்துவிட்டுப் பிரச்சினை இல்லை என்று எழுதிக் கொடுத்து, பிறகு பிரச்சினை வந்தால் இரண்டாவது. என் சொல் பிழைக்காது என்ற திமிரில் அந்த இரண்டாவதைத் தண்டச் செலவென்று ஒவ்வொரு வருடமும் திட்டிக்கொண்டேதான் கட்டினேன். 2009இல் அந்தத் திமிர் அடங்கியது.

அப்போது ஹவுன்ஸ்லோவில் நானும் மனைவியும் என் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணி இரண்டு வருடம் முன்னதாக வந்துவிட்டார். அண்ணை பின்னால் வருவதாகச் சொல்லி வன்னியில் நின்றவர், நின்றதுதான். அண்ணி ஊரில் ஆங்கில ரீச்சர். இங்கே விமான நிலையத்துக் கடையொன்றில் ஷிப்ட் வேலை. என் அறிக்கைகள், காப்புறுதிக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர்தான் ரைப் பண்ணித் தருவார். என் ஆங்கிலம் சுவரோடு பேசத்தான் காணும்.

மே மாதக் கடைசியில், சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். அண்ணை பதுங்குகுழிக்குள் செல்குண்டு விழுந்து முடிந்துவிட்டார் என்றும், தானும் சேர்ந்துதான் மண் போட்டு மூடியதாகவும் சொன்னார். என்றைக்கு என்று கேட்டேன். அங்கே நாள் கணக்கு ஒருவருக்கும் தெரியாது என்றார். அதே கிழமை வேறொருவர் அண்ணையை இன்னொரு முகாமில் உயிரோடு கண்டதாக அண்ணிக்கு ஒரு கதை வந்தது. அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார். நான் முதலாவது ஆளை நம்பினேன். மண் போட்டவன் பொய் சொல்லமாட்டான்.

சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அந்த நிமிடமே அண்ணியின் நெற்றிப் பொட்டு அழியும், கழுத்துத் தாலி இறங்கும். உடலும் இல்லை, பத்திரமும் இல்லை, யாரோ ஒருவருடைய வாய்ச்சொல்லுக்காக அதை எப்படிச் செய்வது? மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். ஆனால் சாவுத் துடக்கு துடக்குத்தானே. கூடப் பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் சாமியைத் தொடக்கூடாது என்று வளர்ந்த உடம்பு இது. வீட்டில் விளக்கேற்றுவது என் வேலை. கையெல்லாம் ப்ளீச் மணம் என்று சாட்டுச் சொல்லி அதை மனைவியிடம் தள்ளிவிட்டேன். கோயிலுக்குக் கூப்பிட்டால் முழங்கால் நோவு என்பேன்.

போன் வந்து பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி ஏஜென்சி அனுப்பியது. வாடகைக்கு இருந்தது ஒரு தமிழ் அம்மா, ஐம்பது வயதிருக்கும், சூப்பர்மார்க்கெட்டில் காசுப் பெட்டியடியில் வேலை. படுக்கையறையிலும் குளியலறையிலும் மீற்றரை வைத்து ஈரம் பார்த்தேன். கடைசியாக முன்னறை. அங்கே பழைய கணப்படுப்பை அடைத்து, அதன் மேல் தட்டடித்துச் சாமிப்படங்களை வைத்திருந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மழை கூரையிலுள்ள புகைக்கூட்டுக்குள்ளால் அந்தச் சுவருக்குள் இறங்கும், ஆகவே முதலில் பார்க்கவேண்டிய சுவர் அதுதான். என் தொழிலில் அது அரிச்சுவடி.

அந்த அம்மா தானாகவே சொன்னார்:

"தம்பி, வேணுமெண்டால் படங்களை எடுத்து வைக்கிறன். பின்னால பாருங்கோ."

வேண்டாம் அம்மா, தேவையில்லை என்றேன். அந்தத் தட்டுக்குக் கிட்டப் போக என் கால் வரவில்லை. துடக்கு என்று சொல்லியிருந்தால் அவரே கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். ஆனால் அவர் வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலில் அண்ணியைக் காண்கிறவர். யாருடைய துடக்கு என்ற கேள்வி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாச் சுவர்களும் பார்க்கப்பட்டன, புகைக்கூட்டில் ஈரம் இல்லை என்று அறிக்கைக்குச் சொன்னேன். அண்ணி ரைப் பண்ணினார். நான் கையெழுத்து வைத்தேன்.

ஒக்டோபரில் நாலு நாள் விடாமல் மழை. ஒரு காலை அந்த அம்மா விளக்கேற்றக் குனிந்த நேரம் சுவர்ப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, தட்டும் படங்களுமாக அவர்மேல் விழுந்தது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. காசுப் பெட்டியடியில் இருக்கிறவருக்கு வலது கைதான் பிழைப்பு. சேதி கேட்டு வானை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்தபடி கிடந்தேன். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம்.

ஏஜென்சி என் அறிக்கையைக் காட்டியது. காப்புறுதிக் கம்பனி கடிதம் போட்டது. அந்த அம்மா நடந்ததை உள்ளபடி சொல்லியிருந்தார்: படங்களை எடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். ஆகவே மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஏன் வேண்டாம் என்றீர், பதினான்கு நாளுக்குள் எழுத்தில் தரவும் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்குப் பத்திரம் எடுத்துத் தருகிற தமிழ்த் தரகருக்குப் போன் எடுத்தேன். அவருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

"அந்த மனிசி தொட விடேல்லை எண்டு எழுதுங்கோ அண்ணை. அவவுக்குச் சாட்சியில்லை. உங்கட பத்திரமும் தப்பும்."

அப்படி எழுதினால் பழி அந்த அம்மாவின் தலையில். நட்டஈடும் இல்லை, ஏஜென்சி வீட்டைவிட்டு எழுப்பவும் ஒரு காரணம். எழுதாவிட்டால் உள்ளதை எழுதவேண்டும். உள்ளதை ரைப் பண்ணப்போவது அண்ணி. வேறு யாரிடமாவது கொடுத்து எழுதுவிக்கலாம் என்றும் நினைத்தேன். ஆனால் கம்பனியின் பதில் அவர் கைக்குத்தான் வரும். பதின்மூன்று நாள் கடிதத்தை வானுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மனுசனுக்கு அலுப்பு என்று ஒன்று வரும், பயத்தையும் தின்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு கடிதத்தைக் கொண்டுபோய்க் குசினி மேசையில் அண்ணிக்கு முன்னால் வைத்தேன்.

வாசித்தார். லாப்டொப்பைத் திறந்தார். அந்த அம்மாவை முந்தின வெள்ளிக்கிழமைதான் கோயிலில் கையில் மாவுக்கட்டோடு கண்டதாகச் சொன்னார். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"என்ன காரணம் எண்டு போடுறது, தம்பி?"

அந்த அம்மா தடுக்கவில்லை என்று முதலில் போடச் சொன்னேன். போட்டார். பிழை என்னுடையது என்று போடச் சொன்னேன். அதையும் போட்டார். கொதிகேத்தில் தண்ணி கொதித்துத் தானாக நின்றது. தேத்தண்ணி ஊற்ற ஒருவரும் எழும்பவில்லை.

"துடக்கு, அண்ணி," என்றேன்.

அவர் விரல் நிற்கவில்லை. குடும்பத்தில் ஒரு மரணம் காரணமாக எங்கள் வழக்கப்படி சாமிப்படங்களை நான் தொடக்கூடாதிருந்தது என்று நல்ல ஆங்கிலத்தில், ரீச்சர் ஆங்கிலத்தில், ஒரு வசனம் திரையில் ஏறியது. யார் என்று கேட்கவேயில்லை. அவரே 'என் மூத்த சகோதரர்' என்று சேர்த்தார்.

"அண்ணி, உங்களுக்கு..."

"மே மாசக் கடைசியில இருந்து முப்பத்தொரு நாள் நீங்கள் விளக்குத் தொடேல்லை. எனக்குக் கண் இல்லையே? கேட்டால் சொல்லிப்போடுவியள் எண்டுதான் கேக்காமல் இருந்தனான்."

அவ்வளவுதான். அழவில்லை. நான்தான் ஏங்கி ஏங்கி அழுதேன், நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை. சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்து வாசலில் நின்றாள். அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறந்த திகதி கேட்பார்கள் என்றார். எனக்குத் தெரியாது என்றேன். மண் போட்டவருக்கே தெரியாது என்றேன்.

"போன் எப்ப வந்தது?"

சொன்னேன். அதையே போட்டார். ஒரு தரம் முழுவதையும் வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, பிரின்ற் எடுத்து, பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு அவர் பொட்டில்லாமல் போனார்.

காப்புறுதிக்காரர் அந்த அம்மாவுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். பார்க்காத சுவரைப் பார்த்ததாக எழுதியவன் என்று அடுத்த வருடம் என் இரண்டாவது பத்திரத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். இப்போது சுவரைத் துடைக்க மட்டும் போகிறேன், கருத்துச் சொல்வதில்லை. அண்ணைக்கு மரணப் பத்திரம் இன்றுவரை இல்லை. திவசத்துக்குத் திதி பார்க்கவேண்டும், இறந்த திகதியைச் சொல்லுங்கள் என்று ஐயர் கேட்டபோது, அண்ணி உள்ளே போய்க் காப்புறுதிக் கம்பனிக்குப் போட்ட அந்தக் கடிதத்தின் பிரதியை எடுத்துவந்து கொடுத்தார்.