பின்னால் விழுந்த கைத்தட்டு

சம்மட்டிக்காரர் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பக்கவாதம் வந்த இடது கைக்கு, தினமும் வீட்டுக்கு வந்து கவனிக்கும் நர்ஸ் நான் கொடுத்த பயிற்சி அது. பாதித் தண்ணீர் என் மடியில்தான் விழும். கை அசைந்தால் சரி.

இரும்புப் பட்டறையில் வாழ்நாள் முழுக்கச் சம்மட்டி அடித்தவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசுவதெல்லாம் ஒரு பாட்டைப் பற்றித்தான். நாட்டுப்புற மெட்டில் கிதாரும் கைத்தட்டலுமாக, ஒரு காலத்தில் ஊரே முணுமுணுத்த பாட்டு. இளவயதில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஜன்னல் கம்பி பொருத்தப் போனாராம்; கைதட்ட ஆள் குறைந்ததாம்; இவரையும் இழுத்து நிறுத்தினார்களாம். கடையிலோ பேருந்திலோ அந்தப் பாட்டு கேட்டால் போதும், "அது என் கை" என்பார் பக்கத்தில் நிற்பவரிடம். கூடப் போன மனைவிக்கு மானம் போகும்.

அன்று மனைவியின் அண்ணன் மகன் மடிக்கணினியோடு வந்தார். ஒலிப்பதிவு வேலை பார்ப்பவர். அந்தப் பாட்டின் பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்ய அவரிடம் கொடுத்திருந்தார்கள். குரல், கிதார், கைத்தட்டு என்று எல்லாம் அதில் தனித்தனியாக இருந்தன.

"மாமா, இன்னிக்கு உங்க வண்டவாளம் தெரிஞ்சிடும்."

"நல்லாப் போடுப்பா. இதுல இவர் கை இல்லேன்னா இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றார் மனைவி.

ஈரக்கையாலேயே சத்தியம் செய்தார். நாடி பிடித்துப் பார்த்தேன். குதித்தது.

முதலில் குரல் மட்டும். பாடகர் மூச்சை இழுத்த இழுப்பில், "இவருக்கு ஆஸ்துமா" என்றேன்.

"உங்களுக்கு எல்லாருமே நோயாளிதான்" என்றார் மனைவி.

அடுத்தது கிதார். வாசித்தவரின் நாற்காலி பாட்டு முழுக்கக் கிறீச்சிட்டது.

பிறகு கைத்தட்டு. நாலைந்து பேர் சேர்ந்து 'டப்' என்று தட்ட, ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே இன்னொன்று தனியாக விழுந்தது.

"யார்ரா அது, கூட்டத்தை விட்டுப்போன மாடு மாதிரி?" என்றார் அண்ணன் மகன்.

"நான்தான்!" கட்டிலிலிருந்து எழப்பார்த்தவரைத் தோளைப் பிடித்து அமுக்கினேன். "பட்டறையில கொல்லர் சின்னச் சுத்தியலால தட்டிக் காட்டுவார். அதுக்கப்புறம்தான் நான் போடணும். கூடவே போட்டா அவர் விரல் போயிடும்."

"பாட்டுல யார் விரல் இருந்துச்சு?" என்றார் மனைவி.

"இருந்திருந்தா?"

"தப்பாத் தட்டறவன் ஊர்ல ஆயிரம் பேரு. இதெல்லாம் ஒரு அத்தாட்சியா?"

சம்மட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழப்போகிறார் என்று உலர்ந்த துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் நிறுத்தியபின் ஒரே ஒரு 'டப்'. உடனே நாடாவிலேயே ஓர் அதட்டல்: "யாருய்யா அது?"

"நான் ஜன்னல் கம்பிங்க" என்றது ஓர் இளங்குரல்.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இவர்தான். பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே குரல்லதான் திணறினார்."

சம்மட்டிக்காரருக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறியது. நிமிர்த்தி உட்காரவைத்து, தணியும்வரை தாங்கிப் பிடித்திருந்தேன். பாட்டு முழுக்கத் தப்பாகத் தட்டியது ஊர்ஜிதமானதற்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நான் போனபோது, மனைவி பக்கத்து வீட்டுக்காரியை உள்ளே உட்காரவைத்துக் கைபேசியில் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் தட்டினப்புறம் ஒண்ணு விழுது பாருங்க, அது எங்க வீட்டுக்காரர்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்க."

மறுபடி முதலிலிருந்து போட்டார். மாத்திரைக்கு நேரமாகிவிட்டதால், வழக்கமாக மனைவி கொண்டுவரும் தண்ணீரை நானே எடுத்துவந்து அவருக்குக் கொடுத்தேன்.